கரண்ட் போன இரவில் கூடத்துத் தொட்டி மீன்கள் மட்டும் ஏன் செத்தன?

கேள்வி: ஐயா, வணக்கம். காவேரிப்பட்டினம் பக்கம் எனக்கு நான்கு ஏக்கர் மாந்தோப்பு இருக்கிறது. பக்க வருமானத்துக்காகக் கொல்லையில் எட்டுக்கு நான்கு அடியில் சிமெண்ட் தொட்டி கட்டி, இரண்டு அங்குலக் கோல்டு ஃபிஷ் அறுபது வளர்க்கிறேன். கூடத்தில் பிள்ளைகளுக்காக மூன்றடிக் கண்ணாடித் தொட்டி ஒன்று. அதில் பெரிதும் சிறிதுமாகப் பதினெட்டு கோல்டு ஃபிஷ், சராசரி நான்கு அங்குலம் இருக்கும். கூடவே இரண்டு கௌராமி. போன வாரம் சூறைக்காற்றில் மாங்கிளை கம்பியில் விழுந்து, இரவு ஏழு மணிக்குப் போன கரண்ட் காலை ஆறு மணிக்குத்தான் வந்தது. பதினோரு மணி வாக்கில் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்தன. பயந்துபோய் நான்கு குடம் போர் தண்ணீரை ஊற்றினேன். விடிவதற்குள் பதிமூன்று கோல்டு ஃபிஷ் செத்துவிட்டன, எல்லாம் பெரியவை. வெளித் தொட்டியில் ஒன்றுகூடச் சாகவில்லை. மீன் வாங்கிய கடையில் இன்வெர்ட்டர் போடச் சொல்கிறார்கள், ஆக்சிஜன் மாத்திரையும் கொடுத்தார்கள். பாதி விலைக்குப் பன்னிரண்டு மீன் தருவதாகவும் சொல்கிறார்கள். எந்த இன்வெர்ட்டர் வாங்கலாம்?

பதில்: தம்பி, இன்வெர்ட்டருக்குப் பிறகு வருகிறேன். வெளித் தொட்டியில் ஒன்றுகூடச் சாகவில்லை என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, அதை இன்னொரு முறை படியுங்கள். அங்கேயும் அதே கரண்ட்தான் போனது, அதே பதினோரு மணி நேரம் காற்று பம்பு நின்றது. அப்படியிருக்க, கூடத்து மீன்கள் மட்டும் ஏன் செத்தன என்று நீங்கள் கேட்டிருக்க வேண்டும்.

முதலில், இது நோயில்லை. பெரிய மீன்கள் முதலில் செத்து, சிறியவையும் கௌராமியும் தப்பினால் அது மூச்சுத் திணறல். கௌராமி மேலே வந்து நேராகக் காற்றையே விழுங்கி மூச்சுவிடும் சாதி. கோல்டு ஃபிஷுக்கு அந்த வசதி கிடையாது, தண்ணீரில் கரைந்திருப்பதுதான் அதற்கு மூச்சு. அது எவ்வளவு குறைவு என்று பாருங்கள். ஒரு லிட்டர் காற்றில் 250 மில்லிகிராமுக்கும் மேல் ஆக்சிஜன் இருக்கிறது. 30 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் தண்ணீரில் முட்ட முட்டக் கரைந்தாலும் ஏழரை மில்லிகிராம்தான். மே மாத இரவில், கதவைச் சாத்திய கூடத்தில், இந்தக் கையிருப்பைப் பதினெட்டு மீன்கள் பங்கு போட்டுக்கொண்டன.

இனி நான் பார்க்கிற ஒவ்வொருவரிடமும் சொல்வதை உங்களிடமும் சொல்கிறேன். தொட்டி எத்தனை லிட்டர் என்று கணக்குப் பார்க்காதீர்கள், தண்ணீரின் முகம் எத்தனை சதுர அங்குலம் என்று பாருங்கள். காற்று தண்ணீருக்குள் இறங்குவது பெரும்பாலும் மேல்பரப்பு வழியாகத்தான். பம்பு விடும் குமிழிகள் செய்யும் முக்கியமான வேலை, அடித்தண்ணீரை மேலே தூக்கி வந்து காற்றோடு உரச வைப்பது. பம்பு நின்றால் அந்த மேல்பரப்பு ஒன்றுதான் மிச்சம். கோல்டு ஃபிஷுக்கு, வாலை விட்டுவிட்டு, ஓர் அங்குல உடலுக்கு 30 சதுர அங்குலப் பரப்பு வேண்டும் என்பது பழைய வளர்ப்பாளர்களின் கணக்கு. நான் இன்றைக்கும் அதைத்தான் நம்புகிறேன்.

உங்கள் கண்ணாடித் தொட்டி 36 அங்குல நீளம். இந்த அளவில் அகலம் வழக்கமாக 12 அங்குலம் இருக்கும். பரப்பு 432 சதுர அங்குலம். தாங்குவது 14 அங்குல மீன். நான்கு அங்குல மீன் மூன்று விடலாம், மிஞ்சினால் நான்கு. நீங்கள் விட்டிருந்தது பதினெட்டு, அதாவது 72 அங்குலம். வெளித் தொட்டியின் பரப்பு 4,608 சதுர அங்குலம். தாங்குவது 153 அங்குலம். அதில் இருப்பது 120 அங்குலம்தான். மேலே திறந்த வெளி, அன்றைக்கு அடித்த காற்று வேறு தண்ணீரை அலசிக்கொண்டே இருந்திருக்கும். உங்களை அறியாமலே ஒரு தொட்டியில் சரியாகவும் மற்றொன்றில் ஐந்து மடங்காகவும் விட்டிருக்கிறீர்கள். மூன்றடித் தொட்டிக்குப் பதினெட்டு மீன் விற்றவர் அந்த அளவு தெரிந்து விற்றாரா, தெரியாமல் விற்றாரா என்று எனக்குத் தெரியாது. இப்போது பாதி விலைக்குக் கொடுக்கும் பன்னிரண்டு மீனையும் வாங்காதீர்கள். உருண்டைக் கண்ணாடிக் குடுவையில் கோல்டு ஃபிஷ் போட்டு விற்கிறார்களே, கழுத்து வரை தண்ணீர் ஊற்றினால் உள்ளங்கை அகலப் பரப்புகூட மிஞ்சாது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது.

அடுத்தது அந்த நான்கு குடம் தண்ணீர். நீங்கள் நல்லெண்ணத்தோடுதான் ஊற்றினீர்கள், ஆனால் அதுவும் சேர்ந்து கெடுத்திருக்கும். ஆயிரம் அடிக்குக் கீழிருந்து வரும் போர் தண்ணீரில் ஆக்சிஜன் இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். கரியமில வாயு வேறு கூடுதலாக இருக்கும். குழாயைத் திறந்ததும் டம்ளரில் பிடித்துப் பார்த்தால் ஓரத்தில் பொடிப் பொடியாகக் குமிழி ஒட்டியிருக்கும், கவனித்திருப்பீர்கள். வாய் அகன்ற பாத்திரத்தில் ஓர் இரவு வைத்து, அவ்வப்போது கலக்கிவிட்ட பிறகே அது மீனுக்கு ஆகும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீரில் இந்தக் குறை இல்லை, ஆனால் குளோரின் இருக்கும். அதையும் ஒரு நாள் திறந்து வைக்க வேண்டும். ஆக, அவசரத்துக்கு என்று எந்தத் தண்ணீரும் நேராகத் தொட்டிக்குள் போகக் கூடாது.

அந்த இரவில் செய்திருக்க வேண்டிய வேலை மூன்று. மூடியைத் தூக்கிவிடுங்கள். தொட்டித் தண்ணீரையே மக்கில் மொண்டு, ஒரு முழ உயரத்திலிருந்து அதே தொட்டியில் ஊற்றுங்கள், கால் மணிக்கு ஒரு தடவை நாற்பது ஐம்பது மக். மீன்கள் வாயைப் பிளக்கும் வரை காத்திருக்காமல் கரண்ட் போன அரை மணியிலேயே தொடங்க வேண்டும். மூன்றாவதுதான் பெரிய உதவி: பாதி மீன்களைத் தொட்டியின் பழைய தண்ணீரோடு அன்னக்கூடையிலும் அகலமான டப்பிலும் பிரித்து விடுங்கள். அரையடி ஆழம் போதும், பரப்பு பல மடங்காகிவிடும். தோப்புக்கு மருந்து கலக்கும் டப்பை மட்டும் கொண்டுவந்து விடாதீர்கள். எத்தனை முறை கழுவியிருந்தாலும் வேண்டாம். தத்துப்பூச்சிக்கு அடிக்கிற சைபர்மெத்ரின், லாம்ப்டா வகை மருந்துகள் மீனுக்கு இம்மியளவிலேயே விஷம். கொசுவர்த்தியும் அதே குடும்பம்தான். கரண்ட் இல்லாத இரவில் தொட்டிக்குப் பக்கத்தில் ஏற்றினால், பேட்டரி பம்பு அந்தப் புகையை இழுத்துத் தண்ணீருக்குள் விட்டுவிடும்.

சரி, இன்வெர்ட்டர். வீட்டுக்கு வேண்டுமென்றால் வாங்குங்கள்; மீன் தொட்டியிலிருந்து காற்று பம்பை மட்டும் அதில் மாட்டினால் போதும், தொட்டி விளக்கு வேண்டாம். மீனுக்காக மட்டும் என்றால் தேவையே இல்லை. அந்தச் சிறு பம்பு தின்பதைவிட இன்வெர்ட்டர் சும்மா நிற்பதற்கே அதிகம் தின்னும். கரண்ட் போனதும் தானாக ஓடும் சார்ஜ் பம்பு சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. செல்போன் பவர் பேங்கில் ஓடும் சிறு பம்பும் நல்லது. ஒன்றரை வாட் பம்பு என்றால் 10,000 எம்.ஏ.எச். பவர் பேங்க் ஓர் இரவைத் தாண்டி ஓட்டும். எதை வாங்கினாலும் காற்றுக் குழாயில், தண்ணீர் பின்னால் வராமல் தடுக்கும் நான்-ரிட்டர்ன் வால்வு போடுங்கள், அல்லது பம்பைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே மாட்டுங்கள். பல வருடங்களுக்கு முன் என் வீட்டில் அலமாரியின் கீழ்த்தட்டில் பம்பு வைத்திருந்தேன். கரண்ட் நின்றதும் தண்ணீர் குழாய் வழியே பின்னால் இறங்கி பம்புக்குள் போய்விட்டது. காலையில் தரையெல்லாம் ஈரம், குமிழி விடும் கல் இருந்த மட்டம் வரை தொட்டி வற்றிக் கிடந்தது, மீன்கள் ஒரு சாண் தண்ணீரில் ஒதுங்கியிருந்தன. அந்த வால்வின் விலை ஒரு டீக்குச் சமம்.

ஆக்சிஜன் மாத்திரையைக் கண்ணாடித் தொட்டியில் போடாதீர்கள். பண்ணைக் குட்டைகளில் அவசரத்துக்குத் தூவுகிற சோடியம் பெர்கார்பனேட்டைத்தான் பெரும்பாலும் இந்தப் பெயரில் விற்கிறார்கள். அது தண்ணீரில் ஹைட்ரஜன் பெராக்சைடை விடும், அளவு கூடினால் செவுள் வெந்துவிடும். காரத்தன்மையையும் ஏற்றும், கார நீரில் அம்மோனியாவின் விஷம் கூடும். நூறு லிட்டர் சொச்சம் தண்ணீருக்குக் கைக்கணக்கில் போடுகிற பொருள் இல்லை இது.

மேகம் கறுத்துக் காற்று கிளம்பும் மாலைகளில் தீனி போடாதீர்கள். தின்ற மீனுக்கு மூச்சு அதிகம் வேண்டும். இரண்டு நாள் பட்டினி கிடந்தாலும் கோல்டு ஃபிஷுக்கு ஒன்றும் ஆகாது. கரண்ட் வந்ததும், மூடிய டப்பா வகை ஃபில்டர் இருந்தால் உடனே ஓட விடாதீர்கள். மணிக்கணக்கில் காற்றில்லாமல் உள்ளே அழுகிய தண்ணீர் அப்படியே தொட்டிக்கு வரும். அதைக் கீழே கொட்டிவிட்டு, பஞ்சைத் தொட்டித் தண்ணீரில் அலசி மாட்டுங்கள்.

இப்போது மிச்சமிருக்கும் ஐந்து கோல்டு ஃபிஷும் இரண்டு கௌராமியும் அந்தத் தொட்டிக்குப் போதும். புதிதாக ஒன்றும் சேர்க்காதீர்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமை காலையில், வீட்டில் எல்லாரும் இருக்கும்போது, நீங்களே பம்பை நிறுத்திவிட்டுக் கடிகாரத்தோடு எதிரே உட்காருங்கள். முதல் மீன் மேலே வந்து வாயைப் பிளந்ததும் நேரத்தைக் குறித்துக்கொண்டு பம்பைப் போட்டுவிடுங்கள். மாலை வரை எதுவும் மேலே வராவிட்டால் உங்கள் எண்ணிக்கை சரி. இரண்டு மணி நேரத்திலேயே வந்துவிட்டால் இரண்டு மீனை வெளித் தொட்டிக்கு மாற்றுங்கள், அங்கே இடம் இருக்கிறது. எத்தனை மணிக்கு வந்தது, அப்போது தண்ணீரின் வெப்பம் என்ன என்பதை எனக்கு எழுதி அனுப்புங்கள்.