அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலம், சேஸ் கவுண்டியில் நிலம் வாங்கினால் பயிர் செய்ய முடியுமா? படத்தில் மண் கறுப்பாகத் தெரிகிறது, அது கரிசலா? வீட்டுத் தோட்டம் வருமா?

பக்கத்துக் கவுண்டியில் இருக்கும் எம்போரியாவில் குடியிருக்கிறேன். சேஸ் கவுண்டியில் நண்பர் ஒருவரின் நிலத்தில் காய்கறி போடுகிறேன். அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்: விற்பவரிடம் முதலில் கேட்க வேண்டியது, நிலம் மேட்டில் இருக்கிறதா, சரிவில் இருக்கிறதா, ஆற்றோரமா என்பதைத்தான். அரை மைல் தள்ளினால் மண்ணே மாறிவிடும் ஊர் இது.

கரிசல் அல்ல. கறுப்பு நிறம் புல்லால் வந்தது. ஆள் உயரம் வளரும் புல்லின் வேர்கள் பல்லாயிரம் ஆண்டுகளாக மண்ணுக்குள் மடிந்து மட்கியதால் மேல்மண் கறுத்திருக்கிறது. வளத்தில் குறையில்லை, ஆழத்தில்தான் குறை.

மேட்டு நிலத்தில் ஒரு வேலிக்கால் நட்டுப் பாருங்கள், புரிந்துவிடும். முதல் அரை அடி கறுப்பு மண், வேர்கள் பின்னிப் பொலபொலவென்று வரும். அதற்குக் கீழே செம்பழுப்புக் களிமண். அதில் கண்ட இடமெல்லாம் சிக்கிமுக்கிக் கல். உடைந்த கல்லின் விளிம்பு கையைக் கிழிக்கும். கடப்பாரை பட்டால் பொறி பறக்கும். இன்னும் சில இடங்களில் அந்தக் களிமண்கூட இல்லை, ஓரடிக்குள் சுண்ணாம்புப் பாறை தட்டிவிடும். இருபத்தைந்து கோடி ஆண்டுகளுக்கும் முன்பு, பெர்மியன் காலத்தில், இங்கே ஆழமற்ற கடல் இருந்தது. அதில் படிந்த சுண்ணாம்புப் பாறையும் களிப்பாறையும் அடுக்கடுக்காக இன்றும் இருக்கின்றன. சுண்ணாம்பு மழையில் கரைந்து போகிறது. அதற்குள் இருந்த சிக்கிமுக்கி கரையாமல் மண்ணிலேயே தங்கிவிடுகிறது. 1806-இல் இந்த வழியாகப் போன ராணுவ அதிகாரி செபுலான் பைக் 'ஃபிளின்ட் ஹில்ஸ்', அதாவது சிக்கிமுக்கிக் குன்றுகள், என்று எழுதி வைத்தது இந்தக் கல்லைப் பார்த்துத்தான்.

இந்தக் கல்தான் புல்வெளியைக் காப்பாற்றியது என்பேன். அயோவா, இல்லினாய் பக்கம் ஆழமான மண் இருந்ததால் உயர்புல் நிலம் கிட்டத்தட்ட முழுவதும் உழவுக்குப் போய்விட்டது. நாடு முழுவதும் மிஞ்சியது 4 சதவீதத்துக்கும் குறைவு. அதில் பெரும்பகுதி இந்த மேடுகளில்தான். 1996-இல் அமைத்த உயர்புல் தேசியக் காப்பிடமும் இதே கவுண்டியில், ஸ்ட்ராங் சிட்டிக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஏர் இறங்காத இடத்தில் புல்வேர் பாறை இடுக்கில் பல அடி இறங்குகிறது. வசந்தத்தில் புல்லுக்குத் தீ வைப்பார்கள். பிறகு வரும் இளந்தளிரில் காளைக் கன்றுகள் நாளுக்குச் சுமார் 2 பவுண்டு எடை கூடும். எனவே மேட்டு நிலம் வாங்கினால் மேய்ச்சலுக்கு விடுங்கள். அதை உழுவது பணத்தையும் மண்ணையும் சேர்த்து இழக்கும் வேலை.

பயிர் செய்யத்தான் வேண்டும் என்றால் காட்டன்வுட் ஆற்றையும் அதன் கிளைகளையும் ஒட்டிய வண்டல் நிலம் தேடுங்கள். ரெடிங், சேஸ், ஐவன் என்று மண்வகைப் பெயர்கள் மண் வரைபடத்தில் வரும். பல அடி ஆழம், கல் கிடையாது. சோளம், மக்காச்சோளம், சோயா, கோதுமை, குதிரை மசால் எல்லாம் அங்கேதான் விளைகின்றன. விலை அதிகம், விற்பவரும் குறைவு. வெள்ளத்தையும் கணக்கில் வையுங்கள். 1951 ஜூலை வெள்ளத்தை இன்னும் பேசுகிறார்கள்.

வரைபடத்தில் 'டுவைட்' என்று கண்டால் கொஞ்சம் தள்ளி நில்லுங்கள். மேலே சமமாக, அழகாக இருக்கும். ஆனால் அடிமண்ணில் சோடியம் ஏறிய களிமண், அதாவது நம் களர் நிலத்தின் உறவு. மழை பெய்தால் நீர் இறங்காது, காய்ந்தால் மண்வெட்டி இறங்காது. மத்திய வேளாண் துறையின் மண் வரைபடம் இணையத்தில் இலவசம்; நிலத்தைச் சுற்றிக் கோடு வரைந்தால் மண்வகையும் பாறை ஆழமும் வந்துவிடும். தரகர் சொல்வதைக் கேட்கும் முன் இதைப் பார்த்துவிடுங்கள்.

வீட்டுத் தோட்டம் வரும். முக்கால்வாசி இடங்களுக்கு மேட்டுப்பாத்திதான் வழி. ஓரடி உயரம் கட்டினால் போதும். சுண்ணாம்பு மிகுந்த மண் என்பதால் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். இரும்பு மண்ணில் இருந்தும் செடிக்குக் கிடைக்காத நிலை அது. ஒரு பிடி மண்ணில் வினிகர் ஊற்றுங்கள். நுரைத்தால் சுண்ணாம்பு நிறைய இருக்கிறது, கந்தகம் போட்டு அமிலத் தன்மைக்கு மாற்றலாம் என்ற எண்ணத்தை விட்டுவிடலாம். அமில மண் தேவைப்படும் புளூபெர்ரியைக் கேட்காதீர்கள். வெண்டை, கத்தரி, மிளகாய், தட்டைப்பயறு கோடையில் அமோகமாக வரும். ஏப்ரல் கடைசி வரை உறைபனி உண்டு, அவசரப்பட்டு நாற்று நடாதீர்கள். கறிவேப்பிலை தொட்டியில்தான், முருங்கை பனியில் கருகும். மழை ஆண்டுக்குச் சுமார் 35 அங்குலம், ஆனால் ஆகஸ்டில் காற்றும் வெயிலும் உறிஞ்சிவிடும், வைக்கோல் மூடாக்கு இல்லாமல் தாங்காது.

அந்த வைக்கோலிலும் தொழு உரத்திலும் ஒரு கவனம். மேய்ச்சல் நிலங்களில் அடிக்கும் சில களைக்கொல்லிகள் மாட்டின் வயிற்றைக் கடந்தும் சாணத்தில் அழியாமல் இருக்கும். அந்த உரம் போட்ட பாத்தியில் தக்காளியும் அவரையும் இலை சுருண்டு நின்றுவிடும். உரம் தருபவரிடம் என்ன அடித்தார் என்று கேளுங்கள். அவருக்கே தெரியாவிட்டால், ஒரு தொட்டியில் அந்த உரத்தைக் கலந்து நாலு பீன்ஸ் விதை போட்டு, மூன்று வாரம் பார்த்துவிட்டு வண்டியில் ஏற்றுங்கள்.