வாடிய சோளம் மாட்டுக்கு ஏன் ஆகாது?

கேள்வி: மானாவாரியில் விதைத்த தீவனச் சோளம் மழையில்லாமல் முழங்கால் உயரத்தில் இலை சுருண்டு நிற்கிறது. அறுத்து மாட்டுக்குப் போடலாமா? ஒரு மழை பெய்தால் சரியாகிவிடுமா?
– வாசகர், தாராபுரம்

பதில்: போடாதீர்கள். மழை பெய்த கையோடும் போடாதீர்கள். அப்போதுதான் ஆபத்து கூடுகிறது.

சோள இலையில் துர்ரின் என்ற சேர்மம் இயல்பாகவே உண்டு. இலையின் மேல்தோல் செல்களில் அது இருக்கும். அதை உடைக்கும் நொதி உள்ளேயுள்ள பச்சைச் செல்களில் இருக்கும். மாடு மெல்லும்போது இரண்டும் கலந்து ஹைட்ரோசயனிக் அமிலம் என்ற நஞ்சு வெளியாகிறது. அசை போடும் வயிற்றிலுள்ள நுண்ணுயிர்களும் துர்ரினை உடைப்பதால் ஆடுமாடுகள் சீக்கிரம் பாதிக்கப்படுகின்றன.

வறட்சியில் பயிர் வளராமல் நிற்பதால் துர்ரின் சிறிய இலைக்குள் அடர்ந்துவிடுகிறது. யூரியா போட்டிருந்தால் இன்னும் ஏறும். மழைக்குப் பிறகு அடித்தூரில் வெடிக்கும் இளந்தளிரில் மிக அதிகம். பசுந்தீவனம் ஒரு கிலோவுக்கு 200 மில்லிகிராமுக்கு மேல் இந்த அமிலம் வந்தால் ஆபத்து.

பாதிப் பயிர் பூத்த பிறகு அறுப்பதே பத்திரம். கோ.எஃப்.எஸ். 29 ரகத்துக்கு முதல் அறுப்பு 65-70 நாள் என்பார்கள். ஆனால் வறட்சியில் நாள் கணக்கை நம்பக்கூடாது. 65 நாள் பயிரும் முழங்கால் உயரத்திலேயே நிற்கும். பூவைப் பாருங்கள். பசித்த மாட்டை அந்த வயல் பக்கம் அவிழ்த்துவிடவே வேண்டாம்.

கேள்வி: காயவைத்தால் நஞ்சு போய்விடுமா? கம்புக்கு மாறலாமா?
– வாசகர், கரூர்

பதில்: தட்டை நன்றாகச் சருகாகும்வரை வெயிலில் காய்ந்தால் ஹைட்ரோசயனிக் அமிலம் பெருமளவு குறையும். அரைகுறையாக வாடியது ஆகாது. ஊறுகாய்ப்புல்லாக (காற்றுப் புகாமல் மூடிப் புளிக்கவைக்கும் தீவனம், சைலேஜ்) போட்டால் நான்கு வாரமாவது மூடி வையுங்கள்; எடுத்ததும் சிறிது நேரம் காற்றாடப் பரப்பிவிட்டுப் போடுங்கள்.

கம்பில் துர்ரின் இல்லை. ஆனால் வறட்சியில் கம்பு, மக்காச்சோளம், சோளம் மூன்றிலுமே நைட்ரேட் என்ற இன்னொரு நஞ்சு தேங்கும். வேர் எடுத்த தழைச்சத்தைப் புரதமாக மாற்ற வாடிய இலையால் முடிவதில்லை. துர்ரின் இலையில் என்றால், நைட்ரேட் தண்டின் அடிப்பகுதியில். காயவைத்தாலும் அது போகாது. ஓர் அடி கட்டையை நிலத்திலேயே விட்டு அறுப்பதுதான் வழி.

கேள்வி: தெரியாமல் மேய்ந்துவிட்டால்?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: மூச்சு வாங்கும், நடை தள்ளாடும், கீழே விழும், சில நிமிடங்களிலேயே உயிர் போகலாம். உடனே கால்நடை மருத்துவரை அழையுங்கள். ஈறு பளிச்சென்று சிவந்திருந்தால் ஹைட்ரோசயனிக் அமிலம். பழுப்பேறி, இரத்தமும் காப்பி நிறமாக இருந்தால் நைட்ரேட். முன்னதற்குச் சோடியம் நைட்ரைட்டும் சோடியம் தயோசல்பேட்டும் ஊசியாகப் போடுவார்கள். பின்னதற்கு மெத்திலீன் புளூ. நைட்ரேட் ஏறிய மாட்டுக்குச் சோடியம் நைட்ரைட் போட்டால் நிலை இன்னும் மோசமாகும். அதனால் என்ன பயிர் மேய்ந்தது, எவ்வளவு உயரம், எப்போது யூரியா போட்டது என்பதைப் போனிலேயே சொல்லிவிடுங்கள்.