அஞ்செழுத்தும் அச்சமும்

மதிப்பிற்குரிய ஐயா,

நான் கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் வசிக்கிறேன். மாலையில் விளக்கேற்றியதும் பூஜை அறையில் அமர்ந்து 'நமச்சிவாய' என்று 108 முறை சொல்வது, சிறுவயதில் என் அம்மா கற்றுக்கொடுத்த பழக்கம். திருமணமாகி வந்த பிறகும் அதை நான் விட்டதில்லை. அண்மையில் யூடியூபில் ஒருவர் பேசக் கேட்டேன். தீட்சை பெறாதவர்கள் மந்திரம் சொல்லக் கூடாது, உச்சரிப்புத் தவறினால் குடும்பத்துக்கே கேடு வரும், 'நமச்சிவாய' என்று சகர ஒற்றுப் போட்டுச் சொல்வதே பிழை என்றார். அன்றிலிருந்து விளக்கேற்றிவிட்டு எழுந்து வந்துவிடுகிறேன், வாய் திறக்கப் பயமாக இருக்கிறது. என் மகனோ, "மந்திரம் ஓடும் சின்னப் பெட்டி ஒன்று வாங்கி வைத்துவிடலாம், அதன் அதிர்வே வீட்டுக்குப் போதும்" என்கிறான். நான் இத்தனை காலம் செய்தது தவறா? பெட்டி ஒலித்தால் போதுமா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள அம்மா,

நீங்கள் செய்தது தவறில்லை. நிறுத்த வேண்டிய தேவையும் இல்லை. இதைச் சொன்னால் மட்டும் உங்கள் மனம் அமைதியடையாது என்பதால், அந்த அச்சம் எங்கிருந்து வருகிறது என்பதையும் சேர்த்து எழுதுகிறேன்.

உச்சரிப்புத் தவறினால் மந்திரம் சொன்னவரையே தாக்கும் என்பதற்கு ஒரு பழங்கதையைச் சான்றாகக் காட்டுவார்கள். தன் மகனைக் கொன்ற இந்திரனைப் பழிவாங்க எண்ணிய துவஷ்டா, வேள்வித் தீயில் அவி சொரிந்து 'இந்திரசத்ரு வளர்க' என்று ஓதினான். இறுதி அசையை உயர்த்தி ஓதியிருந்தால் இந்திரனைக் கொல்பவன் என்று பொருள்பட்டிருக்கும். முதல் அசை உயர்ந்துவிட்டதால் இந்திரனால் கொல்லப்படுபவன் என்றாகி, வேள்வியில் தோன்றிய விருத்திரன் இந்திரன் கையால் மாண்டான். யஜுர் வேதத்தின் தைத்திரீய சம்ஹிதையில் உள்ள இந்தக் கதையைப் பதஞ்சலி தம் மகாபாஷ்யம் என்னும் வடமொழி இலக்கண உரையின் தொடக்கத்தில் நினைவூட்டி, இலக்கணம் பயில வேண்டியதற்கு ஒரு காரணமாக முன்வைக்கிறார்.

இந்தக் கண்டிப்பு அதற்குரிய இடத்தில் முழுக்க நியாயமானது. உதாத்தம், அநுதாத்தம், ஸ்வரிதம் என்னும் ஏற்ற இறக்கங்களோடு, பதம், கிரமம், ஜடை, கனம் என்று சொற்களை முன்னும் பின்னும் கோத்து ஓதிப் பழகிய தலைமுறைகள் இருந்ததால்தான் வேதம் எழுத்தின் துணையின்றியே சிதையாமல் வந்து சேர்ந்தது. யஜுர் வேதத்தில் உள்ள ஸ்ரீருத்ரம் என்னும் சிவத் துதியின் எட்டாம் அநுவாகத்தில் (பகுதியில்) 'நம: சிவாய' என்று வருவதை நீங்கள் வேத முறைப்படி ஓத விரும்பினால், ஓர் ஆசிரியரின் எதிரில் அமர்ந்து வாய்ப்பாடமாகக் கற்றுக்கொள்வதே முறை. சைவ வழிபாட்டு நூல்களான ஆகமங்களிலும் இத்தகைய காவல் உண்டு. இங்கே புதுச்சேரியில், 1955இல் தொடங்கப்பட்ட பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் திரட்டிக் காத்துவரும் சைவச் சுவடிகள் 2005இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்றன. ஆகம நூல்கள் பல மந்திரங்களை நேராக எழுதிக் காட்டாமல், குருவிடம் கற்றவர் மட்டுமே எழுத்துகளைக் கூட்டிப் படிக்கும்படி மறைத்துச் சொல்கின்றன. தீட்சையின்றித் தொடக் கூடாத மந்திரங்கள் உண்டு என்பதை நான் மறுக்கவே மாட்டேன்.

ஆனால் நீங்கள் சொல்லிவந்தது அந்த வகையைச் சேர்ந்ததன்று. உங்கள் அம்மா உங்களுக்குத் தந்தது திருமுறையின் நமச்சிவாயம். ஒரு வழிக்குரிய விதியை இன்னொரு வழியில் நடப்பவர்மேல் சுமத்துவதால் எழுவதுதான் இந்த அச்சம். நீங்கள் குடியிருக்கும் ஊரே இதற்குச் சான்று. கல்லோடு பிணைத்துக் கடலில் தள்ளப்பட்ட திருநாவுக்கரசர் கரையேறிய தலம் திருப்பாதிரிப்புலியூர். கரையேறவிட்டகுப்பம் என்ற பெயர் இன்றும் அங்கே வழங்குகிறது. கடலில் அவர் பாடிய நான்காம் திருமுறைப் பதிகத்தைப் பாருங்கள்:

கற்றுணைப் பூட்டியோர் கடலிற் பாய்ச்சினும்
நற்றுணை யாவது நமச்சி வாயவே

கடைசிப் பாட்டைத் தவிர, அந்தப் பதிகத்தின் பாட்டெல்லாம் 'நமச்சிவாயவே' என்றே முடிகிறது. வடமொழி 'நம:' என்பதன் இறுதியில் வரும் விசர்க்கம் என்னும் மூச்சொலியைத் தமிழ் நாவுக்கு ஏற்பச் சகர ஒற்றாக்கிக்கொண்டு பாடியவர் அப்பர். அதைப் பிழை என்று சொல்பவர், அவரைக் கரைசேர்த்த சொல்லையே பிழை என்கிறார். அதே பதிகத்தில், 'குலமில ராகிலுங் குலத்துக் கேற்பதோர் நலமிகக் கொடுப்பது நமச்சி வாயவே' என்று, இதைச் சொல்வதற்கு எந்தத் தகுதியும் முன்கூட்டித் தேவையில்லை என்பதையும் அவர் தெளிவாக்கிவிட்டார். திருஞானசம்பந்தரின் பஞ்சாக்கரப் பதிகம், துஞ்சும்போதும் துஞ்சாதபோதும் 'நெஞ்சகம் நைந்து நினைமின் நாள்தொறும்' என்கிறது. அங்கே கேட்கப்படுவது நெஞ்சம் நைதல் ஒன்றுதான். 'அந்தியுள் மந்திரம் அஞ்செழுத்துமே' என்று, நீங்கள் அமரும் அந்திப் பொழுதைக்கூட அப்பதிகம் குறிக்கிறது.

இன்னொன்றையும் நீங்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். சூலை நோயோடு திருவதிகைக்கு வந்து விழுந்த மருள்நீக்கியாருக்கு (அப்பரின் இயற்பெயர் அது) அஞ்செழுத்தை ஓதித் திருநீறு கொடுத்தவர் அவருடைய தமக்கை திலகவதியார் என்று பெரியபுராணம் சொல்கிறது. அதன் பிறகுதான் 'கூற்றாயினவாறு' என்னும் அவருடைய முதல் பதிகம் பிறந்தது. வீட்டுப் பெண் ஒருவர் வாயிலிருந்து அஞ்செழுத்து வந்து சேர்வது நம் கெடிலக் கரைக்குப் புதியதன்று. உங்கள் அம்மாவிடமிருந்து பெற்றதைக் குறைவானது என்று தயவுசெய்து எண்ணாதீர்கள்.

அடுத்து, உங்கள் மகன் சொல்லும் பெட்டி. அவர் அன்பினால் சொல்கிறார், அதில் ஐயமில்லை. ஆனால் காற்றில் எழும் அதிர்வுதான் மந்திரத்தின் பயன் என்ற எண்ணம், இப்போது பலரும் அறிவியல் போலப் பேசிவந்தாலும், நம் மரபு சொல்வதற்கு நேர்மாறானது. ஜபம் மூன்று வகை: பிறர் கேட்க வாய்விட்டுச் சொல்வது வாசிகம், உதடு மட்டும் அசைய முணுமுணுப்பது உபாம்சு, மனத்துக்குள்ளேயே சொல்வது மானசம். விதிப்படி செய்யும் வேள்வியைவிட ஜபம் பத்து மடங்கு, உபாம்சு நூறு மடங்கு, மானசம் ஆயிரம் மடங்கு மேலானது என்கிறது மனுஸ்மிருதி. அதிர்வே பலன் தருவதாக இருந்தால் உரத்துச் சொல்வதல்லவா முதலிடம் பெற்றிருக்க வேண்டும்? ஒலி குறையக் குறையப் படி உயர்கிறது. சைவ சித்தாந்தமும் வாக்கை வைகரி, மத்திமை, பைசந்தி, சூக்குமை என நான்காக்கி, காதில் கேட்கும் வைகரியை எல்லாவற்றுக்கும் வெளியே வைக்கிறது. ஓசை உள்ளே இறங்க வேண்டும், இறங்குவதற்கு ஒருவருடைய உள்ளம் வேண்டும். பெட்டிக்கு அது இல்லை.

ஆய்வு வேண்டும் என்று மகன் கேட்டால் ஒன்றைச் சொல்லுங்கள். 2001இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியான ஓர் ஆய்வில், 23 பேர் லத்தீன் ஜெபமாலையையும் 'ஓம் மணி பத்மே ஹூம்' என்ற மந்திரத்தையும் ஓதியபோது, மூச்சு நிமிடத்துக்கு ஆறு என்ற அளவுக்கு நிதானப்பட்டு, இதய இயக்கமும் அதனோடு இசைந்தது. இரு சமயங்களின் ஓதுதலும் ஒரே விளைவைத் தந்தது. ஓதியவரின் மூச்சில் நிகழ்ந்த மாற்றம் அது. ஜபத்தின் பயன் அவ்வளவுதான் என்று நான் சொல்லவில்லை. உடலளவில் கிடைப்பதற்கும்கூட நாமே ஓத வேண்டும் என்பதைத்தான் சொல்கிறேன். காலையில் வேலைகளுக்கிடையே பெட்டியில் திருமுறை கேட்பது இனிமையானது, அதைத் தாராளமாகச் செய்யுங்கள். அது கேட்டல், ஜபம் ஆகாது.

சொல்லும்போது எதை நினைப்பது என்று நீங்கள் கேட்கவில்லை. ஆயினும் பயத்துக்கு உண்மையான மருந்து அதில் இருப்பதால் எழுதுகிறேன். பாணினீய சிக்ஷை என்னும் வடமொழி ஒலிப்பு நூல் தாழ்ந்த ஓதுவோர் என்று அறுவரைப் பட்டியலிடுகிறது. விரைந்து ஓதுபவனும் பொருளறியாமல் ஓதுபவனும் அதில் உண்டு. மாணிக்கவாசகரும் 'சொல்லிய பாட்டின் பொருளுணர்ந்து சொல்லுவார்' என்றே சொன்னார். அஞ்செழுத்தின் பொருளைத் திருவதிகை மனவாசகங்கடந்தார் உண்மை விளக்கத்தில் தருகிறார்: சி சிவம், வா அருள், ய உயிர், ந திரோதம் என்னும் மறைப்பாற்றல், ம உயிரைக் கட்டும் மலம். 'சிவாயநம' என்று அடுக்கினால் நடுவில் உயிர் நிற்கிறது, ஒருபுறம் அருளும் சிவமும், மறுபுறம் மறைப்பும் மலமும். சிதம்பரத்தை அடுத்த கொற்றவன்குடியில் வாழ்ந்த உமாபதி சிவாசாரியார் திருவருட்பயனில் இதை ஒரு குறளில் அடக்கிவிட்டார்:

ஊன நடனம் ஒருபால் ஒருபாலா
ஞானநடம் தானடுவே நாடு

நடுவில் நிற்கும் அந்த 'ய' நீங்கள்தான். ஒவ்வொரு முறை சொல்லும்போதும் முகத்தை எந்தப் பக்கம் திருப்புகிறோம் என்பதே கேள்வி. இதை மனத்தில் வைத்துக்கொண்டு சொல்லும் ஒருவருக்கு, ஒற்று மிகுமா மிகாதா என்ற கலக்கம் தானாக விலகிவிடும்.

நடைமுறையில் நான் சொல்லக்கூடியது சிறிதே. 108 என்ற எண்ணிக்கையை முடிக்க அவசரப்பட வேண்டாம். மூச்சை ஒட்டி நிதானமாகச் சொல்லுங்கள். முதலில் வாய்விட்டு, பிறகு உதட்டளவில், இயன்றபோது மனத்தளவில் சொல்லலாம். மனம் விலகினால் வருந்தாமல் மீண்டும் தொடங்குங்கள். தீட்சை பெறும் ஆசை உண்மையிலேயே உங்களுக்கு எழுந்தால், தருமபுரம், திருவாவடுதுறை ஆதீனங்களில் அந்த மரபு தொடர்கிறது, அங்கே முறையாகக் கேட்டு அறியலாம். சிவபூசை எடுத்துக்கொள்ள நினைப்பவருக்கு அது அவசியம். அதுவரை உங்கள் மாலை வழிபாடு காத்திருக்கத் தேவையில்லை. இன்று விளக்கேற்றியதும் எழுந்துவிடாமல் அமருங்கள்.

அன்புடன்.