விருட்சாசனத்தில் தள்ளாடினால் மனம்தான் காரணமா?

கேள்வி: தேவகோட்டையில் எங்கள் வீட்டு வளவில், அறுபது வயதைக் கடந்த ஆச்சிமார்களுக்கு யோகா வகுப்பு எடுக்கிறேன். ஒற்றைக் காலில் மரம்போல் நிற்கும் விருட்சாசனத்தில் பலர் தள்ளாடுகிறார்கள். மனம் ஒருமைப்படாததுதான் காரணமா? தூணைப் பிடித்துக்கொள்ளச் சொல்லலாமா?

பதில்: தூணைத் தாராளமாகப் பிடிக்கட்டும், மனத்தின் மீது பழி போடுவதை விட்டுவிடுங்கள். கண், உட்செவி, பாதத்திலும் கணுக்காலிலும் உள்ள உணர்நரம்புகள் ஆகிய மூன்றும் தரும் செய்திகளை மூளை இடைவிடாமல் ஒப்பிட்டுத்தான் உடலை நிலைநிறுத்துகிறது. வயது ஏற ஏற இவை மந்தமாகின்றன. நீண்ட கால நீரிழிவு உள்ளவர்களுக்குப் பாதத்தின் உணர்ச்சியே குறைந்திருக்கக்கூடும். ஒற்றைக் காலில் நிற்கையில் கணுக்கால் சற்றே அசைவது பிழையன்று, விழாமல் காக்கும் வேலையே அதுதான். அசையாமல் நிற்குமாறு அதட்டினால் மூச்சை அடக்கி விறைத்துக்கொள்வார்கள், தள்ளாட்டம் கூடும்.

ஆசனம் உறுதியும் சுகமும் உடையதாக இருக்க வேண்டும் என்ற பதஞ்சலியின் யோக சூத்திரத்தை (2:46) எல்லா ஆசிரியர்களும் சொல்கிறோம். முயற்சியைத் தளர்த்துவதால் அது கைகூடும் என்னும் அடுத்த சூத்திரத்தை வகுப்பில் அபூர்வமாகவே கேட்கிறேன். கற்பிப்பவருக்குச் சமநிலை என்பது, எவ்வளவு ஆதரவு கொடுப்பது, அதை எப்போது குறைப்பது என்று அறிவதே. முதலில் உள்ளங்கை முழுவதும் தூணில் இருக்கட்டும். மூச்சு சீராக ஓடி, பேச்சுக் கொடுத்தால் பதில் சொல்ல முடிகிற நிலை வந்தபின் இரண்டு விரல்கள் போதும். பிறகு தொடாமல், தொடும் தூரத்தில் கை இருக்கட்டும். தூக்கும் காலின் குதிகாலைக் கணுக்காலில் சாய்த்து, விரல்களைத் தரையில் ஊன்றித் தொடங்கலாம். பழகியபின் கெண்டைக்காலுக்கு உயர்த்தலாம், முழங்கால் மூட்டின் பக்கவாட்டில் மட்டும் வைத்து அழுத்தக் கூடாது. கண்களை மூட வேண்டாம். எதிரே அசையாத ஒரு புள்ளியைப் பார்க்கட்டும். பத்து விநாடிகள் போதும். இரு கால்களும் ஒரே மாதிரி நிற்காதது இயல்பு. வலுக்குறைந்த காலில் முதலில் நிற்கச் செய்யுங்கள்.

ஆத்தங்குடிக் கல் பதித்த தரை என்றால், துடைத்த ஈரம் முழுவதும் காய்ந்தபின், காலுறையின்றி வெறுங்காலோடு நிற்கட்டும். வழுக்கும் பாயை விரிக்காதீர்கள். முற்றத்தின் விளிம்பை ஒட்டி யாரையும் நிறுத்த வேண்டாம்.

அறுபத்தைந்து வயதுக்கு மேற்பட்டோர் வாரத்தில் மூன்று நாட்களாவது சமநிலைக்கான பயிற்சிகளைச் செய்ய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020ஆம் ஆண்டின் வழிகாட்டுதலில் பரிந்துரைக்கிறது. எனவே பயந்து நிறுத்திவிடாதீர்கள். ஆனால் எழுந்தவுடன் கிறுகிறுப்பவர்கள், தலையைத் திருப்பினால் சுற்றுபவர்கள், அண்மையில் விழுந்தவர்கள் ஆகியோரை மருத்துவரைப் பார்த்துவரச் சொல்லுங்கள். அதுவரை அவர்கள் நாற்காலியில் அமர்ந்து கால்களை மாற்றி மாற்றித் தூக்கிப் பழகலாம்.