கர்ப்பப்பைப் புற்றுநோய்: துளை போட்டு எடுப்பதா, வயிற்றைத் திறப்பதா?

அம்மாவுக்கு 61 வயது, கர்ப்பப்பையில் ஆரம்ப நிலைப் புற்று, கும்பகோணத்தில் மருத்துவர் துளை போட்டு எடுக்கலாம் என்கிறார், உறவினர்களோ வயிற்றைத் திறந்தால்தான் வேரோடு வரும் என்கிறார்கள், யார் சொல்வதைக் கேட்பது என்று கேட்டிருக்கிறீர்கள். நான் மருத்துவர் அல்ல. பெரியம்மாவுக்குத் திறந்தும், என் அம்மாவுக்குத் துளை போட்டும் இதே நோய்க்கு அறுவை நடந்தது. இரண்டு முறையும் கட்டில் ஓரம் உட்கார்ந்திருந்தவள் நான்.

முதலில் பயாப்ஸி, அதாவது சதைத் துணுக்கை எடுத்துச் சோதித்த தாளை எடுத்துப் பாருங்கள். நம் பக்கத்தில் இரண்டு வெவ்வேறு நோய்களையும் ‘கர்ப்பப்பைப் புற்று’ என்றே சொல்லிவிடுகிறோம். ஒன்று கர்ப்பப்பையின் உட்சுவரில் வருவது. தாளில் எண்டோமெட்ரியம் என்று இருக்கும். மற்றது கர்ப்பப்பை வாயில் வருவது. செர்விக்ஸ் என்று இருக்கும். உங்கள் கேள்விக்கான பதில் இந்த ஒரு சொல்லில் தலைகீழாக மாறிவிடும்.

கர்ப்பப்பை வாய்ப் புற்றாக இருந்தால் உங்கள் உறவினர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. 2018இல் வெளிவந்த ஓர் ஆய்வில், ஆரம்ப நிலை வாய்ப் புற்று உள்ள 631 பெண்களைப் பிரித்து இரு முறையிலும் அறுவை செய்து பார்த்தார்கள். நாலரை ஆண்டு கழித்து நோய் திரும்பாமல் இருந்தவர்கள் திறந்த அறுவையில் 96.5 சதவீதம், துளை அறுவையில் 86 சதவீதம். மருத்துவர்களே எதிர்பார்க்காத முடிவு அது. வாய்ப் புற்றுக்கான பெரிய அறுவையைத் திறந்தே செய்யும் வழக்கம் அதன்பிறகு திரும்பி வந்தது. அந்தச் செய்திதான் அரைகுறையாக ஊருக்குள் சுற்றி, எல்லாக் கர்ப்பப்பை நோய்க்கும் பொருந்துவதுபோல் ஆகிவிட்டது என்பது என் ஊகம்.

உட்சுவர்ப் புற்றின் கதை வேறு. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, ஹாங்காங் மூன்றிலும் 760 பெண்களிடம் நடந்த ஆய்வு 2017இல் வந்தது. நாலரை ஆண்டில் நோயின்றி இருந்தவர்கள் திறந்த முறையில் 81.3, துளை முறையில் 81.6 சதவீதம். அமெரிக்காவில் 2,600 பேருக்கு மேல் சேர்த்த ஆய்விலும் ஐந்தாண்டு உயிர் பிழைப்பு இரு பக்கமும் ஏறத்தாழ 90 சதவீதம்தான். வித்தியாசம் தேறி வருவதில் இருந்தது. இரண்டு நாளைத் தாண்டி மருத்துவமனையில் தங்க வேண்டியிருந்தது திறந்த முறையில் நூற்றுக்கு 94 பேருக்கு, துளை முறையில் 52 பேருக்கு.

அந்த 94 பேரில் ஒருவராக வைத்துக்கொள்ளலாம் வலங்கைமான் பெரியம்மாவை. பருத்த உடம்பு, சர்க்கரை வேறு. இந்த நோய் இப்படிப்பட்டவர்களைத்தான் அதிகம் தேடி வருகிறது. திறந்த காயம் ஆறத் திணறுவதும் இவர்களுக்குத்தான். தையலில் சீழ் கோத்து, பஸ்ஸில் போய்ப் போய்க் கட்டு மாற்றியே ஒரு மாதம் ஓடியது.

என் அம்மாவுக்கு மாதவிலக்கு நின்று ஆறு வருடம் கழித்து மறுபடி பட்டது. பக்கத்துக் கிளினிக்கில் உடம்புச் சூடு என்று மாத்திரை கொடுத்து இரண்டு மாதத்தைத் தின்றுவிட்டார்கள். நின்ற பிறகு ஒரு சொட்டு பட்டாலும் அது சூடு அல்ல, ஸ்கேன் எடுக்க வேண்டிய விஷயம். இதைச் சொல்லாமல் எனக்குப் பதிலை முடிக்க மனம் வராது.

தஞ்சாவூரில் அறுவை. “இத்துனூண்டு ஓட்டை வழியே பையை எப்படி எடுப்பார்கள்?” என்று மாமா கேட்டார். ஓட்டை வழியே எடுப்பதில்லை. வயிற்றில் காற்றை நிரப்பி, கேமராவில் பார்த்து உள்ளே விடுவிக்கிறார்கள். பை பிறப்புறுப்பு வழியாக வருகிறது. அதைத் துண்டு போடாமல் முழுதாக எடுப்பார்களா என்று கட்டாயம் கேளுங்கள். உள்ளேயே அரைத்து எடுக்கும் கருவி மறைந்திருக்கும் புற்றைப் பரப்பிவிடலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2014இல் எச்சரித்தது. துளையில் தொடங்கி நடுவில் திறக்க நேர்ந்தால் என்ன செய்வார்கள் என்றும் கேளுங்கள். அந்த அமெரிக்க ஆய்வில் நாலில் ஒருவருக்கு அப்படித்தான் ஆனது. அப்படி நடந்தால் யாரும் தோற்றதாக எண்ண வேண்டாம். எங்களிடம் இரண்டுக்கும் சேர்த்தே கையெழுத்து வாங்கினார்கள்.

மறுநாள் அம்மாவுக்கு வயிறு வலிக்கவில்லை, தோள்பட்டை வலித்தது. படுத்த வாக்கு சரியில்லை என்று தலையணையை மாற்றிக்கொண்டே இருந்தோம். உள்ளே நிரப்பிய காற்று உதரவிதானத்தை உறுத்துவதால் வரும் வலி அது என்று செவிலியர் சொன்ன பிறகுதான் விட்டோம். மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்துவிட்டோம்.

வந்த பிறகுதான் வினையே. வயிற்றில் நாலு சிறு தழும்பு. பார்க்க வந்தவர்கள் எல்லாம் “ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கிறாயே” என்றார்கள், அம்மாவும் நம்பிவிட்டார். உள்ளே எடுத்தது பெரியம்மாவுக்கு எடுத்த அதே பைதான், பை இருந்த இடத்தில் போட்ட தையலும் அதேதான். ஆறு வாரம் கனம் தூக்கக் கூடாது என்பது இருவருக்கும் பொது. பெரியம்மாவைத் தழும்பு கட்டிலில் கட்டிப்போட்டது. அம்மாவைக் கட்டிப்போட எதுவும் இல்லை. மூன்றாம் வாரம் சம்பா நடவுக்கு ஆள் இறங்கிய அன்று, வரப்பில் நின்றவர்களுக்குத் தண்ணீர் கொண்டுபோக நிறைகுடத்தை இடுப்பில் வைத்துவிட்டார். மாலையில் புடவையில் ரத்தம். அந்த இரவே வண்டி பிடித்துத் தஞ்சாவூருக்கு ஓடினோம். தையல் பிரியவில்லை, நல்லவேளை. திரும்பி வந்ததும் அந்தக் குடத்தைப் பரண் மேல் தூக்கிப் போட்டேன்.