சீக்வன்ஸுக்கு சொந்தம் தேடுற ஏஐ ஏஜென்ட்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என்கிட்ட ஒரு என்சைமோட சீக்வன்ஸ் (அமினோ அமில எழுத்து வரிசை) இருக்கு. அதை ஏஐ ஏஜென்ட்ல போட்டு இதுக்கு சொந்தமான, அதாவது ஒரே மூதாதைல இருந்து வந்த, புரோட்டீன் எல்லாம் தேடிக் குடுன்னு கேட்டேன், கொஞ்ச நேரத்துல நீளமா ஒரு பட்டியல் வந்துருச்சு. நிஜமாவே தேடுச்சா, இல்ல தனக்கு தெரிஞ்சதை வெச்சு எழுதிருச்சா? எப்படி கண்டுபிடிக்கிறது? (எம்.எஸ்சி. மாணவி)

பதில்: சரியான இடத்துல சந்தேகப்பட்டிருக்கீங்க. மொழி மாடல் தானா உக்காந்து கோடிக்கணக்கான சீக்வன்ஸோட உங்களோடதை ஒப்பிடறது கிடையாது, அதை செய்யறது 1990ல வந்த பிளாஸ்ட், அப்புறம் வந்த ஹம்மர், எம்எம்சீக்ஸ்2 மாதிரி புரோகிராம்கள் தான். எதை ஓட்டணும், எந்த டேட்டாபேஸ்ல தேடணும்னு முடிவு பண்ணி, கமாண்ட் குடுத்து, வந்த ரிசல்ட்டை படிச்சு சொல்றது தான் ஏஜென்டோட வேலை. அதனால முதல்ல லாக்கை, அதாவது ஏஜென்ட் என்னென்ன செஞ்சதுங்கற பதிவை, கேளுங்க. எந்த புரோகிராம், எந்த வெர்ஷன், டேட்டாபேஸ் என்னிக்கு எடுத்தது, முழு கமாண்ட் என்ன, புரோகிராம் கக்கின மூல ஃபைல் எங்க இருக்குன்னு எல்லாம் வேணும். அந்த ஃபைல் இல்லைன்னா அந்தப் பட்டியலை நான் தொடவே மாட்டேன்.

அடுத்து, ஆக்செஷன் நம்பரை (டேட்டாபேஸ்ல ஒவ்வொரு பதிவுக்கும் இருக்கிற அடையாள எண்) ஒவ்வொண்ணா திறந்து பாருங்க. யூனிபுரோட்ங்கற புரோட்டீன் டேட்டாபேஸ்ல பி69905 மனுஷனோட ஹீமோகுளோபின் ஆல்ஃபா, கடைசி 5 இருக்கிற இடத்துல 7 வந்துட்டா அது சிம்பன்சியோடது. ரெண்டுக்கும் அமினோ அமில வரிசை ஒண்ணே தான், அதனால அலைன்மென்ட்டை (ரெண்டு வரிசையையும் பக்கத்துல வெச்சு பொருத்தினதை) பார்த்தாலும் தப்பு தெரியாது, உங்க கட்டுரைல மட்டும் உயிரினம் மாறிப்போய் நிக்கும். மாடல் தன் ஞாபகத்துல இருந்து நம்பர் எழுதினா இந்த மாதிரி தப்பு சுலபமா நடக்கும், ஃபைல்ல இருந்து காப்பி பண்ணினா நடக்காது.

கேள்வி: ரிசல்ட்ல ஒண்ணு 60 சதவீதம் ஒத்துப்போகுது, இன்னொண்ணு 25 தான். 60 இருக்கிறதை ஏஜென்ட் "நெருங்கிய சொந்தம்"னு மேல போட்டு, 25ஐ தள்ளிடுச்சு. சரியா?

பதில்: சதவீதத்தை மட்டும் பார்த்து எந்த முடிவும் எடுக்கக்கூடாதுங்க, நிறைய பேர் சறுக்குற இடம் இது. அந்த 60 சதவீதம் எத்தனை அமினோ அமிலத்துக்கு? வெறும் 20, 25 எழுத்துக்குள்ளன்னா தற்செயலா கூட வரலாம், அதுலயும் ஒரே எழுத்து திரும்பத் திரும்ப வர்ற பகுதியா இருந்தா கேக்கவே வேணாம், சொந்தமே இல்லாத புரோட்டீன் எல்லாம் ஒத்துப்போற மாதிரி காட்டும். அதே நேரம் மனுஷ மயோகுளோபினையும் ஹீமோகுளோபின் ஆல்ஃபாவையும் எடுத்துக்கோங்க, ஏறக்குறைய கால்வாசி தான் ஒத்துப்போகும், ஆனா கிட்டத்தட்ட முழு நீளத்துக்கும் ஒத்துப்போகும், முப்பரிமாண அமைப்பும் பெரும்பாலும் ஒரே மாதிரி, ரெண்டும் ஒரே மூதாதை ஜீன்ல இருந்து வந்ததுங்கறதுல சந்தேகமே இல்ல. உங்க ஏஜென்ட் தள்ளினது இப்படி ஒண்ணா இருந்தா எவ்வளவு பெரிய இழப்பு!

அதனால ஈ-வேல்யூவையும் எவ்வளவு நீளம் அலைன் ஆகுதுங்கறதையும் சேர்த்து பாருங்க. இதே அளவோ அதுக்கு மேலயோ ஸ்கோர் தற்செயலா எத்தனை தடவை வரும்னு எதிர்பார்க்கலாம், அது தான் ஈ-வேல்யூ. டேட்டாபேஸ் பெருசாக ஆக அதுவும் ஏறும், ஆகவே சின்ன டேட்டாபேஸ்ல வந்த ஈ-வேல்யூவையும் பெரிய டேட்டாபேஸ்ல வந்ததையும் பக்கத்துல வெச்சு ஒப்பிடாதீங்க. ஏஜென்ட் பல டேட்டாபேஸ்ல தேடி எல்லாத்தையும் ஒரே டேபிள்ல கொட்டி வரிசைப்படுத்தும், அங்க கவனம் வேணும். 20லேருந்து 35 சதவீதம் வரைக்கும் இருக்கிற பகுதியில சீக்வன்ஸ் மட்டும் போதாது, ஹம்மர் மாதிரி புரொஃபைல் (ஒரு குடும்பத்து சீக்வன்ஸ்களை சேர்த்து எடுத்த பொது அமைப்பு) தேடலும், அமைப்பை ஒப்பிடுற ஃபோல்ட்சீக்கும் ஓட்டச் சொல்லுங்க.

இன்னொண்ணு, பட்டியல்ல முதல்ல வந்தது தான் பரிணாமத்துல நெருங்கின சொந்தம்னு அர்த்தம் இல்ல. ஜீன் இரட்டிப்பாகி பிரிஞ்சு போனதா, இல்ல உயிரினம் பிரிஞ்சப்போ பிரிஞ்சதான்னு தெரியணும்னா பரிணாம மரம் கட்டித்தான் பார்க்கணும்.

கேள்வி: "புதுசா எதுவும் கிடைக்காத வரைக்கும் திரும்பத் திரும்ப தேடு"ன்னு ஏஜென்ட்கிட்ட விட்டுடலாமா?

பதில்: வேண்டாம், தயவுசெஞ்சு. 1997ல வந்த சை-பிளாஸ்ட் இப்படித்தான் வேலை செய்யுது, முதல் சுத்துல கிடைச்சதை வெச்சு புரொஃபைல் கட்டி அடுத்த சுத்து தேடும், தூரத்து சொந்தம் எல்லாம் அதுல அழகா மாட்டும். ஆனா சம்பந்தமே இல்லாத ஒரு சீக்வன்ஸ் நடுவுல உள்ள நுழைஞ்சுட்டா அடுத்த சுத்துல அதோட குடும்பமே உள்ள வந்துடும், அதுக்கு அடுத்த சுத்துல அதுங்க எல்லாம் ரொம்ப நல்ல ஈ-வேல்யூவோட மேல வந்து நிக்கும், அதுக்கப்புறம் அந்த நம்பரைப் பார்த்து தப்பை கண்டுபிடிக்கவே முடியாது. ஒவ்வொரு சுத்து முடிஞ்சதும் ஏஜென்ட் நிக்கணும், புதுசா சேர்ந்தது என்னென்னன்னு காட்டணும், நீங்க சரின்னு சொன்னா தான் அடுத்தது. என்சைம்ங்கறதால வினை நடக்கிற இடத்துல இருக்கவேண்டிய அமினோ அமிலங்கள் புதுசா வந்ததுலயும் இருக்கான்னு பாருங்க, எனக்குத் தெரிஞ்சு இதை விட நல்ல சோதனை கிடையாது.

கேள்வி: டிஎன்ஏவா குடுக்கணுமா, புரோட்டீனா குடுக்கணுமா?

பதில்: புரோட்டீன் உண்டாக்குற ஜீன்னா புரோட்டீனாவே தேடுங்க. டிஎன்ஏவுக்கு நாலே எழுத்து, தற்செயல் ஒற்றுமை அதிகம், புரோட்டீனுக்கு 20 எழுத்து, ரொம்ப பழைய உறவு கூட தெரியும்.

கேள்வி: இன்னும் வெளியிடாத சீக்வன்ஸை ஏஜென்ட்ல போடலாமா?

பதில்: உங்க கைடுகிட்ட கேக்காம போடாதீங்க. பிளாஸ்ட்டை உங்க கம்ப்யூட்டர்லயே இறக்கி ஓட்டினாலும், ஏஜென்ட்டுக்குள்ள இருக்கிற மாடல் வெளி சர்வர்ல இருந்தா நீங்க டைப் பண்ற சீக்வன்ஸ் அங்க போயிடும். சீக்வன்ஸை ஃபைல்லயே வெச்சுட்டு ஃபைல் பேரை மட்டும் ஏஜென்ட்டுக்கு குடுக்கிற மாதிரி அமைக்கலாம், ஆனா அலைன்மென்ட் ரிசல்ட்லயும் உங்க சீக்வன்ஸ் வரும், அதையும் மாடல் படிக்காத மாதிரி டேபிளா மட்டும் அனுப்பணும்.