முட்டம் பாறையில் வந்த அலை

கேள்வி: அண்மையில் நானும் என் கணவரும் முட்டம் கடற்கரைக்குச் சென்றிருந்தோம். கால் மணி நேரமாக அலை எட்டாமல் இருந்த ஒரு பாறையில் அமர்ந்து புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்தபோது, எங்கிருந்தோ வந்த ஓர் அலை இருவரையும் தலையோடு நனைத்து, புளியோதரையையும் அவருடைய ஒரு கால் செருப்பையும் கொண்டுபோய்விட்டது. ஒற்றைச் செருப்போடு கார் வரை நடந்த அவரைப் பார்த்து எனக்குச் சிரிப்பு அடங்கவேயில்லை. காற்றே இல்லாத நாளில் அந்த அலை எப்படி வந்தது? நனைந்த கைப்பேசியை அரிசிக்குள் வைத்திருக்கிறோம், பிழைக்குமா?
- ஒரு வாசகி, திருமங்கலம்

பதில்: செருப்போடும் புளியோதரையோடும் மட்டும் அந்த அலை திரும்பிப் போனதில் எனக்கு உண்மையாகவே மகிழ்ச்சி.

மதுரைப் பக்கத்தில் நம்மில் பலருக்குக் கடல் என்றால் இராமேசுவரத்து அக்னி தீர்த்தம்தான். அது பாக் நீரிணையை ஒட்டிய, இலங்கையும் மணல்திட்டுகளும் பெருங்கடலின் வேகத்தைத் தடுத்து நிற்கிற, குழந்தையையும் இறக்கி நீராட்டும் அளவுக்கு அடங்கிய கடல். முட்டத்துக்கு அத்தகைய மறைப்பு எதுவும் கிடையாது. அங்கிருந்து தெற்கே அண்டார்க்டிகா வரை பெரிய நிலப்பரப்பே இல்லை. அந்தத் தென்கோடிக் கடலில் எழும் புயல்கள் கிளப்பும் நீண்ட அலைகள், பல ஆயிரம் கிலோமீட்டர் கடந்து, சில நாட்களுக்குப் பிறகு நம் கரையை அடைகின்றன. இங்கே காற்று அசையாமல் இருந்தாலும் கடல் பொங்குவது அதனால்தான். கள்ளக்கடல் என்று கடலோர மக்கள் அழைப்பது இதன் கடுமையான வடிவத்தை. ஏப்ரல், மே மாதங்களில் இது மிகுதி.

இனி, கால் மணி நேர அமைதியைப் பற்றி. வெவ்வேறு நீளமுள்ள அலைத் தொடர்கள் ஒரே நேரத்தில் கரையை நோக்கி வருகின்றன. அவற்றின் முகடுகள் எப்போதாவது ஒன்றோடொன்று சேரும்போது, அதுவரை வந்தவற்றைவிட மிக உயரமான அலை எழும். ஆகவே, சிறிது நேரம் அலை எட்டவில்லை என்பது பாறை பாதுகாப்பானது என்பதற்குச் சான்று ஆகாது. பாறையையே பாருங்கள்: ஈரமாகவோ, கறுத்தோ, பாசியும் சிப்பியும் பற்றியோ இருந்தால் அதுவரை கடல் வருகிறது என்று பொருள், உலர்ந்த பாறையும் சில சமயம் ஏமாற்றும். அங்குள்ள மீனவர்களிடம் கேட்டுவிட்டு இறங்குவதும், கடலுக்கு முதுகு காட்டாமல் இருப்பதும் நல்லது.

நான் இதை இவ்வளவு வலியுறுத்தக் காரணம் உண்டு. 2024 மே மாதத்தில் இதே குமரி மாவட்டத்தில், கணபதிபுரம் அருகே லெமூர் கடற்கரையில், ஐந்து மருத்துவ மாணவர்கள் அலையில் சிக்கி உயிரிழந்தனர். அப்போது கடல் சீற்ற எச்சரிக்கை நடப்பில் இருந்தது. ஐதராபாத்தில் உள்ள இந்திய தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையம் விடுக்கும் அத்தகைய எச்சரிக்கைகள் செய்திகளில் வருகின்றன. கிளம்புவதற்கு முன் தயவுசெய்து பாருங்கள்.

கைப்பேசியை அரிசியிலிருந்து எடுத்துவிடுங்கள். அரிசி ஈரத்தைக் கொஞ்சம் உறிஞ்சினாலும் உப்பை எடுக்காது. உலோகத்தை அரிப்பது அந்த உப்புதான். அணைத்தே வைத்து, சார்ஜ் போடாமல், பழுது பார்க்கும் கடையில் கடல்நீரில் நனைந்தது என்பதை முதலிலேயே சொல்லி இன்றே கொடுத்துவிடுங்கள்.